தண்டுவடத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னு எழுதுவது. பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் என் கழுத்து ஒரு கும்பிடு போட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் நான் தன் பேச்சுக்குத் தலையாட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, இறங்கும்வரை மருமகளின் குறைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதென்று திட்டாதே. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. தோள்பட்டையிலிருந்து சுரீரென்று ஒரு கம்பி இறங்குகிற மாதிரி வலி. போனில் பேசலாம்தான். ஆனால் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு உன்னோடு மணிக்கணக்காகப் பேசித்தான் கழுத்து போச்சு என்று உன் மாப்பிள்ளை தடை போட்டுவிட்டார். போகட்டும். ஹாஸ்டல் நாட்களில் நாம் எழுதிக்கொண்டது போல எழுதிக்கொள்வோம்.

உன் ஸ்கேன் மிஷின் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஆளைக் குழாய்க்குள் தள்ளிவிட்டு வெளியே நின்று தகரத்தில் ஆணி அடிக்கிறார்கள். உன் டெக்னீஷியன் மைக்கில், "அசையாதீங்க மேடம், எச்சிகூட முழுங்காதீங்க" என்றான். அவன் சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு எச்சில் விழுங்குவதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ரிப்போர்ட்டைப் படித்தேன். கொலைக் கேஸ் முதல் ஜீவனாம்சக் கேஸ் வரைக்கும் கோர்ட்டில் நின்று மொழிபெயர்க்கிறவள் நான். உன் ரிப்போர்ட்டை மட்டும் மனுஷ பாஷைக்குக் கொண்டுவர முடியவில்லை. கடைசியில் 'நோயாளியின் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறாயே, யார், எதோடு ஒப்பிடுவது? இவர் அதைத் தினம் நியூஸ் பேப்பர் மாதிரி படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறார். அவருடைய சித்தப்பா மாடிப்படியில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்து இறந்துபோனது உனக்குத் தெரியும். அந்தப் பயம்.

என் கழுத்துக்குள் என்னதான் இருக்கிறது? அக்காவாக எழுது, டாக்டராக வேண்டாம்.

உன் சின்னு

* * *

ஜனவரி 19

என் செல்லச் சின்னுவுக்கு,

உன் கடிதம் பார்த்துச் சிரித்தேன். எழுத்தைப் பார்த்துக் கவலையும் பட்டேன். அந்த ரிப்போர்ட் உனக்கு எழுதியதில்லை, மேல்மாடி ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர்களுக்கு எழுதியது. எங்கள் பாஷையில் எப்போதும் ஒரு காலைத் தரையில் வைத்து மற்றதைத் தூக்கியே வைத்திருப்போம். உனக்கு இரண்டு காலையும் ஊன்றிச் சொல்கிறேன், கேள்.

கழுத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. நடுநடுவே மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க். நீ முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும். மெத்தையும் நரம்பும் தெரியாது. அதனால்தான் எம்.ஆர்.ஐ. எடுக்க வரச் சொன்னேன். ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் இடையில் உன் மெத்தை வலது பக்கமாகப் பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பைத் தொடுகிறது. கட்டைவிரல் மரப்பதற்கு அதுதான் காரணம். மற்ற இடங்களிலும் கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய யாரைப் பிடித்து என் மிஷினில் படுக்க வைத்தாலும் ஏதாவது பிதுக்கம் தெரியும். கழுத்து வலியே இல்லாத என் டெக்னீஷியனுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

முக்கியமானது இதுதான். நடுவில் ஓடுகிற தண்டுவடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சுற்றி நீர் இருக்கும். படத்தில் அது வெள்ளைக் கோடாகத் தெரியும். தண்டுவடம் நசுங்கியிருந்தால் அந்தக் கோடு மறைந்துபோகும். உன் படத்தில் மேலிருந்து கீழ்வரை அது உடையாமல் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாப்பிள்ளையிடம் சொல், சித்தப்பாவுக்கு வந்தது வேறு, உனக்கு வந்திருப்பது வேறு.

ஆறு வாரம் பொறு. மாத்திரை, பிசியோதெரபி, ஃபைல்களைக் குனிந்து பார்க்காமல் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்துப் படிப்பது, இவ்வளவு போதும். பெரும்பாலும் பிதுக்கம் தானாகவே சுருங்கிவிடும். நடக்கும்போது கால் பின்னினாலோ, சட்டைப் பித்தான் போட வராமல் கை தடுமாறினாலோ அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஓடி வா. இப்போதைக்கு ஆபரேஷன் என்ற பேச்சே வேண்டாம்.

அத்தான் இறந்தபின் இந்த ஸ்கேன் சென்டரும் பையன் படிப்புமாக நாள் ஓடுகிறது. நீ வந்து போன இரண்டு நாளும் வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது. இப்போது மறுபடி ஃபிரிட்ஜ் சத்தம்தான்.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா

* * *

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். வலிகூடக் கொஞ்சம் இறங்கியது. அதற்குள் இவர் ஒரு காரியம் செய்துவிட்டார்.

எனக்குத் தெரியாமல், ஆபீஸ் வேலையாக உன் ஊருக்கு வருகிறேன் என்று வந்து, உன் சென்டருக்கு மேல்மாடியில் இருக்கும் பெரிய டாக்டரைப் பார்த்திருக்கிறார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி அவர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லையாம். பிளாஸ்டிக் முதுகெலும்பு பொம்மை ஒன்றை எடுத்து வளைத்துக் காட்டி, "இது இப்படி, இது இப்படி. உங்க மனைவி பலமா ஒரு தும்மல் போட்டாக்கூட போதும். கை கால் போச்சுன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்றாராம். போன வாரம் நாங்கள் போய் அவர் முன்னால் உட்கார்ந்தோம். என் கையைத் தொட்டுப் பார்த்தார், சுத்தியலால் முட்டியில் தட்டினார், ஆபரேஷனுக்கு எந்தத் தேதி வசதி என்று கேட்டார்.

நான், "எங்க அக்கா வெயிட் பண்ணலாம்னு சொன்னாங்களே" என்றேன்.

"அவங்க படம் பாக்கறவங்கம்மா. நான் ஆளைப் பாக்கறவன்" என்று சிரித்தார்.

அன்றைக்கு நீ லீவு என்று கீழே உன் சென்டரில் சொன்னார்கள். திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் யாரும் மிளகாய் தாளிக்கக் கூடாது, நான் தும்மிவிடுவேனாம். மகள் பள்ளிக்கூடம் போகும்முன் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

அக்கா, ஒரே ஒரு உதவி. ஆபரேஷனுக்காக நான் பதினைந்தாம் தேதி வருகிறேன். நீ என்னோடு மாடிக்கு ஏறி வா. எனக்கு எழுதியதை அவர் எதிரில், இவர் காதில் விழும்படி சொல். இவர் உன்னை நம்புவார், ஆனால் காதால் கேட்க வேண்டும். ஒரு மாடிதான்.

சின்னு

* * *

பிப்ரவரி 8

என் கண்ணு சின்னுவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து கையில் வேலை ஓடவில்லை.

சாரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவர் அனுபவஸ்தர். நான் படிக்கும்போது எங்களுக்குப் பாடம் எடுத்தவர். நேரில் போய் "நீங்கள் சொல்வது தப்பு" என்று சொல்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. கையைத் தொட்டுப் பார்த்தபோது அவருக்கு வேறு ஏதாவது தெரிந்திருக்கலாம் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். உன் ஊரிலேயே நரம்பு டாக்டர் ஒருவரிடம் இன்னொரு அபிப்பிராயம் வாங்கிக்கொள்ளேன். அதுதான் கௌரவமான வழி.

நான் சாரிடம் பக்குவமாகப் பேசுகிறேன். மாப்பிள்ளையிடம் பதற வேண்டாம் என்று சொல். பதினைந்தாம் தேதி வா, பார்த்துக்கொள்ளலாம்.

பையனுக்குப் பரீட்சை. சென்டரில் ஏ.சி. பழுதாகி மிஷினை நிறுத்தி வைத்தோம், மேலேயிருந்து ஆளாளுக்குக் கத்தல். என்னை நம்பி ஆறு பேர் வேலை செய்கிறார்கள். சில நாள் மூச்சு முட்டுகிறது.

அக்கா

* * *

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

வலி போய்விட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நியாயமாக இருக்க வேண்டும். கட்டைவிரலில் உணர்ச்சி வந்துவிட்டது. எழுத்தைப் பார், முத்து முத்தாக இருக்கிறது.

குரல்தான் வரவில்லை. வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. கழுத்தை முன்பக்கமாகத் திறந்து, மூச்சுக்குழாயை ஓரமாக ஒதுக்கித்தான் டிஸ்கை எடுக்க முடியுமாம். அந்த வழியில்தான் குரலுக்கான நரம்பும் போகிறதாம். "வீக்கம்தான், வந்துடும்" என்கிறார் பெரிய டாக்டர். இப்போது அவர் என்னைப் பார்க்கும் நேரம் படத்தைப் பார்த்த நேரத்தைவிடக் குறைவு.

ஒன்று கேட்கலாமா? ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீ ஆப்பிள் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தாய். அவர் ரவுண்ட்ஸ் வந்தார். "என்னம்மா பயம், உங்க அக்காவே கீழ உக்காந்து படம் பாத்தவங்க. என்ன டாக்டர்?" என்று உன்னைக் கேட்டார். இவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சிரித்தாய் அக்கா.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் இவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நீ அவரோடு பேசிவிட்டாய், ஏதோ காரணம் இருக்கிறது, அதனால்தான் சிரிக்கிறாய் என்று நினைத்தேன். நீ அவரோடு பேசினாயா?

சின்னு

* * *

மார்ச் 20

அருமைச் சின்னுவுக்கு,

வலி போனது கேட்டு எவ்வளவு சந்தோஷம்! நீ குரலைப் பற்றி வீணாக மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்குத் தொண்டை கட்டும். முக்கால்வாசிப் பேருக்குச் சில வாரத்தில், சில மாதத்தில் தானாகத் திரும்பிவிடும். கிசுகிசுப்பாகப் பேசாதே, அது குரலுக்கு இன்னும் சிரமம். எழுதிக் காட்டு. தண்ணீர் குடிக்கும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு குடி.

வார்டில் வைத்து நான் என்ன சொல்லியிருக்க முடியும், நீயே சொல்! நர்ஸ், ஜூனியர் டாக்டர்கள் என்று அத்தனை பேர். மறுநாள் காலை தியேட்டர் தயார். அந்த நேரத்தில் உன்னைக் குழப்பினால் நீ இன்னும் பயந்திருப்பாய். சாரோடு பேச இரண்டு முறை மாடிக்குப் போனேன். ஒரு முறை அவர் தியேட்டரில் இருந்தார். இன்னொரு முறை அறையில் ஆட்கள் இருந்தார்கள்.

கோர்ட்டில் லீவு நீட்டித்துக்கொள். மகளுக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

* * *

செப்டம்பர் 4

அக்கா,

இத்தனை மாதம் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. தினம் காலையில் எழுந்ததும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்பேன். வந்தால் உனக்கு அதைத்தான் முதலில் எழுதுவது என்று வைத்திருந்தேன்.

நேற்றுத் தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டு, திரையில் எனக்கே காட்டினார். இரண்டு குரல் நாண்கள். ஒன்று மூச்சுக்கு மூச்சு திறந்து மூடுகிறது. இன்னொன்று செத்த பல்லி வால் மாதிரி ஓரமாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. "நரம்பு அறுந்திருக்கலாம், இனி வர்ற மாதிரி தெரியலை" என்றார். ஊசி போட்டு அந்த நாணைக் கொஞ்சம் தடிக்க வைத்தால் கரகரவென்று ஏதோ பேசலாமாம். கோர்ட் ஹாலில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் இனிக் கிடையாது.

என்னை நகல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நகல்களுக்கு முத்திரை குத்துகிறேன். இரக்கப்பட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். பழைய வக்கீல் ஒருவர் எதிரில் வந்து, "என்னம்மா, எங்க வாயை எல்லாம் அடைச்சிட்டு நீங்களும் மூடிக்கிட்டீங்க?" என்று ஜோக் அடித்தார். பிறகுதான் விஷயம் தெரிந்து மனிதர் முகம் செத்துப்போனது. நான்தான் அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அதையும் சைகையில்.

வீட்டில் மகளை அதட்டக்கூட முடியவில்லை. கை தட்டிக் கூப்பிடுகிறேன். இவர் என் முன்னால் உட்கார்ந்து, "நான்தான், நான்தான்" என்று அழுகிறார். அவரை என்ன செய்வது? பயந்த மனுஷன், பயமுறுத்தினார்கள், பயந்தார்.

நான் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறேன். குரல் போனதற்காக அல்ல. அது இந்த ஆபரேஷனில் நேரக்கூடியது என்று சிறிய எழுத்தில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். தேவையில்லாத அவசரத்தைச் சொல்லிப் பயமுறுத்தியதற்காக. தண்டுவடம் நசுங்குகிறது, தும்மினால் போய்விடும் என்றாரே, அதற்காக. பெரிய டாக்டர் பதில் கொடுத்திருக்கிறார், தண்டுவடத்துக்கு ஆபத்து இருந்தது என்று.

படம் எடுத்தது உன் சென்டர். ரிப்போர்ட்டில் இருப்பது உன் கையெழுத்து. உன்னைக் கூப்பிடுவார்கள். உன் ஜனவரிக் கடிதத்தைக் கொடுக்கட்டுமா என்று என் வக்கீலைக் கேட்டேன். "அக்கா தங்கைக்கு எழுதுன ஆறுதல்னு ஒரே வரியில தள்ளிடுவாங்க" என்றார். அதனால் நீயே வந்து சொல்ல வேண்டும். பெரிய டாக்டரைத் திட்ட வேண்டாம், குற்றம் சொல்ல வேண்டாம். தண்டுவடம் நசுங்கியிருந்ததா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல். அது ஒரு சொல்தான்.

சின்னு

* * *

செப்டம்பர் 15

அன்புச் சின்னுவுக்கு,

கடிதத்தைப் படித்து நாள் முழுக்க அழுதேன். உன் குரலில்தான் நம் வீடு விடியும் என்று அப்பா சொல்வார்.

கவுன்சிலிலிருந்து எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. உன்னிடம் எதையும் மறைக்கப்போவதில்லை. சென்டர் இருக்கும் இடம் ஆஸ்பத்திரியுடையது. எனக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் சாரின் சீட்டோடு மாடியிலிருந்து இறங்கி வருகிறவர்கள். நோட்டீஸ் வந்த மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். எதையும் கேட்கவில்லை. பையன் என்ன படிக்கப்போகிறான் என்று மட்டும் விசாரித்தார்.

என்றாலும் நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன். அதை நீ நம்பலாம். ஆனால் சின்னு, புகாரால் உன் குரல் திரும்புமா? சமாதானமாக முடித்துக்கொள்ள ஏதாவது வழி இருந்தால் யோசி. அக்காவாகத்தான் சொல்கிறேன்.

உன் அக்கா

* * *

ஜனவரி 23

அக்கா,

விசாரணையில் நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

நான் இரண்டாவது வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்காகப் பேச என்னோடு வேலை பார்த்த பெண் வந்திருந்தாள். நான் எழுதிக் கொடுத்ததை அவள் வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள். 'நான்' என்று அவள் சொன்னபோதெல்லாம் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் அவளிடமே, "இப்ப வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். பதினேழு வருஷம் நான் பிறருக்காக 'நான்' என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஆட்களுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பிறகு நீ வந்தாய். பெரிய திரையில் என் கழுத்தைப் போட்டார்கள். அத்தனை பெரிதாக நான் அதைப் பார்த்ததில்லை. மூக்கு, நாக்கு, தொண்டை எல்லாம் சாம்பல் நிறத்தில். குரல் இருந்த காலத்துத் தொண்டை. நீ கையில் ஒரு சிவப்பு விளக்குப் பேனாவை வைத்துக்கொண்டு, "நோயாளியின் ஐந்து, ஆறு எலும்புகளுக்கு இடையே" என்று ஆரம்பித்தாய். நோயாளி என்றாய். சரி, அது உங்கள் முறை என்று எடுத்துக்கொண்டேன்.

தலைவர் நேராகவே கேட்டார், "தண்டுவடம் நசுங்கியிருந்ததா, டாக்டர்?"

நீ தண்ணீர் குடித்தாய். பிறகு, "இந்தப் படம் நோயாளி படுத்திருக்கும்போது எடுத்தது. நிக்கும்போதும் கழுத்தை வளைக்கும்போதும் உள்ளே என்ன நடக்குதுன்னு இதை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது" என்றாய்.

"அப்போ, நசுங்கியிருக்க வாய்ப்பு இருக்கு?"

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

தலைவர் குனிந்து எழுதினார். முதல் பாதியை மட்டும் எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எழுதும் கை எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்த்தாலே தெரியும், என் தொழில் அது. கூண்டில் ஏறி 'இல்லை' என்று சொல்ல வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தண்ணீர் குடித்த பிறகு வேறொன்று சொல்வார்கள். நான் அதையும் ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

என் வக்கீல் எழுந்து, "படத்துல தெரியறதை மட்டும் சொல்லுங்க டாக்டர், நசுக்கம் தெரியுதா?" என்றார். நீ, "தெளிவாகத் தெரியலை" என்றாய். தெரியவில்லை என்பதற்கும் தெளிவாகத் தெரியவில்லை என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அங்கே இருந்தவர்களில் உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை அக்கா. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். படுக்க வைத்துத்தான் எடுத்தீர்கள். நிற்க வைத்து எடுக்கவில்லை. உனக்கு ஜனவரியிலும் அது தெரியும். அப்போது நீ எனக்கு அதை எழுதவில்லை, ஏனென்றால் எழுத அவசியமில்லை. உடையாமல் இருக்கிறது என்று எழுதினாய்.

நான் எழுந்து கத்தியிருப்பேன். வாயைத் திறந்தேன். அந்தக் காற்றுச் சத்தம்தான் வந்தது. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு எனக்கு ஏதோ முடியவில்லை என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

வெளியே வராண்டாவில் பெரிய டாக்டர் உனக்காக லிப்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ ஏறிப் போனாய்.

தீர்ப்பு நேற்று வந்தது. 'மருத்துவரின் முடிவு நியாயமான அபிப்பிராயத்துக்குள் அடங்கும்.' புகார் முடிந்தது.

சின்னு

* * *

பிப்ரவரி 6

சின்னுவுக்கு,

எத்தனை முறை எழுதிக் கிழித்தேன் என்று உனக்குத் தெரியாது. இதையாவது போஸ்ட் செய்வேன்.

உன் பக்கம் திரும்பியிருந்தால் என்னால் ஒரு வாக்கியம்கூடச் சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் திரும்பவில்லை. லிப்டில் சார் என்னிடம், "நல்லா பேலன்ஸ்டா சொன்னீங்க" என்றார். வீட்டுக்கு வந்து பையன் முகத்தைப் பார்த்தேன். அத்தான் இறந்த வருஷம் இந்த சென்டர் இல்லையென்றால் நாங்கள் எங்கே போயிருப்போம்? நீ கணவரோடு இருக்கிறாய். தனியாக நிற்கிறவளுக்கு ஒரு மாடி ஏறுவது எவ்வளவு உயரம் என்று உனக்குப் புரியாது. இதைச் சண்டைக்காக எழுதவில்லை.

நான் சொன்னது விஞ்ஞானப்படி சரி. ஆனால் அது போதாது என்று எனக்குத் தெரியும். எல்லோரும் போன பிறகு சென்டரில் உட்கார்ந்து உன் படத்தைத் திறந்து பார்க்கிறேன். தினமும் என்றே சொல்லலாம். ஏதாவது ஒரு சின்ன நிழலாவது அங்கே இருந்துவிடக் கூடாதா என்று தேடுகிறேன். எதுவும் இல்லை. அந்த வெள்ளைக் கோடு அப்படியேதான் இருக்கிறது.

ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. கழுத்தில் வைத்த தகடு எப்படி இருக்கிறது, மேலும் கீழும் இருக்கும் டிஸ்குகளுக்குச் சுமை கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் வந்துவிட்டுப் போ. ஞாயிற்றுக்கிழமை வா, மேலே யாரும் இருக்க மாட்டார்கள். நானே மிஷினை ஓட்டி, நானே பார்த்து, உள்ளது உள்ளபடி எழுதித் தருகிறேன். நீ எனக்கு யாரோ இல்லை. அப்பா அம்மா இல்லாத இந்த உலகத்தில் எனக்கு இருப்பது நீ ஒருத்தி.

பேச வேண்டாம். வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும்.

உன் அக்கா

* * *

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

செக்கப் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சென்டரில். யாருக்கும் என்னைத் தெரியாது, எனக்கும் யாரையும் தெரியாது. உள்ளே போகும்முன் அந்தப் பெண், "பயமா இருந்தா கூப்பிடுங்க" என்றாள். தொண்டையைக் காட்டினேன். உடனே ஓடிப்போய், அமுக்கினால் மணியடிக்கிற ரப்பர் பந்து ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்து, என் விரல்களை அவளே மடக்கிவிட்டாள். தகடு சரியாக இருக்கிறதாம். அதற்கு மேலே உள்ள டிஸ்கில் லேசாகப் பிதுக்கம் தொடங்கியிருக்கிறதாம். ரிப்போர்ட்டின் கடைசியில் நீங்கள் எல்லோரும் எழுதும் அதே 'ஒப்பிட்டுப் பார்க்கவும்' வரி. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாததால் கோபம் வரவில்லை.

நீ பணத்துக்காக அப்படிச் சொன்னாய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட. உனக்குப் பயம், அவ்வளவுதான். இவருக்கும் பயம்தான். அவர் பயந்து என்னைக் காப்பாற்றப் பார்த்தார். நீ பயந்து உன்னைக் காப்பாற்றிக்கொண்டாய். தனியாக நிற்கிறவளுக்கு மாடி உயரம் என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். அன்றைக்கு உன்னோடு ஏற நான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறாய், மேலே யாரும் இருக்க மாட்டார்கள் என்கிறாய். யாரும் இல்லாதபோது நீ எனக்கு நல்ல அக்காதான். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் கம்ப்யூட்டரில் என் படங்கள் இருக்கும். சட்டப்படி எத்தனை வருஷம் வைக்க வேண்டுமோ வைத்துக்கொள். ஆனால் நீ அதைத் திறக்காதே. எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து பார்ப்பதாக எழுதியிருந்தாயே, அதை நிறுத்திவிடு. எப்போது பார்த்துச் சொல்ல வேண்டுமோ அப்போது நீ சொல்லவில்லை. இப்போது நீ பார்ப்பது உனக்காக. அது என் கழுத்து.

பையன் பரீட்சை நன்றாக எழுதட்டும். அவன் மேல் எனக்கு ஒன்றுமில்லை, லீவுக்கு வந்தால் தங்கட்டும்.

நீ பதில் எழுதினால் கிழித்துப் போட மாட்டேன், படிப்பேன். நான் எழுத மாட்டேன்.

உன் தங்கை